நேர்காணலும் ஓர் அளவுகோல்தான்

கடந்த தீபாவளிக்கு மறுநாள் என் முன்னாள் மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்களும் உடைக்கப்பட்ட பிறகு அவன் குடும்பம் ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் வாடகை வீடு எடுத்தது. படிவம் 4இல் என் வகுப்பில் இருந்தான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் எந்தக் கருவி கெட்டுப்போனாலும் நான் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். எஸ்பிஎம் முடித்து, பாலிடெக்னிக்கில் மென்பொருள் துறையில் டிப்ளோமாவும் வாங்கிவிட்டான்.

முறுக்குத் தட்டை நீட்டி, "வேலை எப்படிப்பா போகுது?" என்று கேட்டேன்.

"மோட்டார்ல சாப்பாடு அனுப்புற வேலைதான் டீச்சர் இப்போதைக்கு. கம்ப்யூட்டர் வேலைக்கு நாலு கம்பெனி இண்டர்வியூ போனேன். நாலும் போச்சு. எனக்கு மண்டையில ஒன்னும் இல்ல போல."

நான்கு நேர்காணல்களிலும் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன்.

முதல் இடத்தில், "ஒரு பேருந்துக்குள் எத்தனை பிங்பாங் பந்துகள் அடங்கும்?" என்று கேட்டார்களாம். நிரல் எழுதுவது பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இரண்டாவது இடத்தில் ஐந்து சுற்றுகள். நான்கில் தேறி, ஐந்தாவதில் தோற்றான். காரணம் சொல்லவில்லை. மூன்றாவது இடத்துக்கு ஈப்போவிலிருந்து காலை ரயிலேறிக் கோலாலம்பூர் போனான். வெண்பலகையில் நிரல் எழுதச் சொல்லிவிட்டு மூன்று பேர் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். பாதியில் கை நின்றுபோனது. வீடு திரும்பும் ரயிலில், தஞ்சோங் மாலிம் தாண்டும்போது முழு விடையும் மனத்தில் வந்ததாம்! நான்காவது இடத்தில் மனிதரே இல்லை. கணினித் திரை கேள்வி கேட்டது. இவன் கேமராவைப் பார்த்துப் பதில் சொன்னான். அன்றிரவே 'வருந்துகிறோம்' என்று மின்னஞ்சல் வந்துவிட்டது.

நான் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. "ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கிட்டு வா" என்றேன். அந்தத் தாளில் நாங்கள் இருவரும் எழுதியதைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். மாணவர்களே, நாளை உங்களில் பலர் இதே நாற்காலியில் உட்காரப்போகிறீர்கள்.

படிவம் 1இல் படித்ததுதான்

படிவம் 1 அறிவியல் பாடநூலின் முதல் அத்தியாயத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அளவைக் கருவிகள் பற்றிய பகுதியில் 'கெப்பெர்சிசான்', 'கெஜித்துவான்' என்று இரண்டு சொற்கள் வரும். ஒரே பொருளைப் பலமுறை அளந்தால் ஏறக்குறைய ஒரே அளவு கிடைக்கிறதா என்பது முதலாவது. கிடைத்த அளவு உண்மையான அளவுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பது இரண்டாவது. இவற்றோடு பிழைகளும் வரும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கமாக விலகுவது தற்செயல் பிழை. எப்போதும் ஒரே பக்கமாக விலகுவது முறைசார் பிழை.

காய்ச்சல் இல்லாத ஒரு பிள்ளைக்கு வெப்பமானி 39 பாகை காட்டினால் நாம் என்ன செய்வோம்? உடனே மருத்துவமனைக்கு ஓட மாட்டோம். வெப்பமானியை உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்ப்போம். வேறொரு வெப்பமானியையும் தேடுவோம்.

நேர்காணலும் ஒரு கருவிதான். 'இவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா?' என்பதை அளக்க வந்த கருவி. அது 'முடியாது' என்று காட்டும்போது மட்டும் நாம் கருவியைச் சந்தேகிக்காமல் நம்மையே சந்தேகிக்கிறோம். கருவியையும் சோதிக்க வேண்டாமா?

பந்துக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு?

முதல் நேர்காணலை எடுத்துக்கொள்வோம். இதுபோன்ற புதிர்க் கேள்விகளுக்கு மென்பொருள் உலகில் நீண்ட வரலாறு உண்டு. சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது, ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்றெல்லாம் கேட்பார்கள். கூகுள் நிறுவனமும் ஒரு காலத்தில் இதற்குப் பேர்போனது. பிறகு அந்நிறுவனம் தன் சொந்தத் தரவுகளையே அலசிப் பார்த்தது. அப்போது அதன் மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ போக், 2013ஆம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு அளித்த பேட்டியில் புதிர்க் கேள்விகள் முழுக்க முழுக்க நேர விரயம் என்று ஒப்புக்கொண்டார். அவற்றால் யாருடைய வேலைத்திறனையும் கணிக்க முடியவில்லை. கேட்பவர் தம்மை அறிவாளியாக உணரத்தான் அவை உதவின என்பது அவர் கருத்து.

ஒரு தேர்வு வேலைத்திறனைக் கணிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? வேலையில் சேர்ந்தவர்கள் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை ஒரு பக்கம் எழுதுவார்கள். சில காலம் கழித்து அவர்கள் வேலையில் எப்படிச் செய்கிறார்கள் என்பதை மறுபக்கம் எழுதுவார்கள். இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதை ஓர் எண்ணாகக் கணக்கிடுவார்கள். இதற்கு ஒட்டுறவுக் கெழு என்று பெயர். 0 என்றால் தொடர்பே இல்லை. 1 என்றால் முழுத் தொடர்பு.

2022ஆம் ஆண்டில் பால் சாக்கெட் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இத்துறையில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்குக் கிடைத்த எண் 0.19. எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் முறை என்று திட்டமிட்டு நடத்தும் நேர்காணலுக்கு 0.42. வேலை அறிவைச் சோதிக்கும் தேர்வுக்கு 0.40. வேலையின் ஒரு பகுதியையே செய்யச் சொல்லிப் பார்க்கும் தேர்வுக்கு 0.33.

இந்த எண்களை வர்க்கப்படுத்திப் பாருங்கள். 0.42இன் வர்க்கம் ஏறத்தாழ 0.18. அதாவது, மக்களின் வேலைத்திறனில் காணும் வேறுபாட்டில் 18 விழுக்காட்டைத்தான் மிகச் சிறந்த நேர்காணலே விளக்குகிறது. 0.19இன் வர்க்கமோ 0.04கூட இல்லை. ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு வெப்பமானி இருந்தால் குப்பைத்தொட்டியில் போட்டிருப்போம். ஆனால் ஆளெடுக்க இதைவிட நல்ல கருவிகள் அதிகம் இல்லை என்பதால் உலகம் இதை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது.

முதுகுக்குப் பின்னால் மூன்று பேர்

மூன்றாவது நேர்காணலில் கை நின்றுபோனதே, அது ஏன்? விடை தெரியாததால் அன்று. தெரிந்ததால்தானே ரயிலில் வந்தது?

நம் மூளையில் செயல் நினைவகம் என்ற ஒன்று உண்டு. கணக்குப் போடும்போது இடையில் வரும் எண்களைச் சற்று நேரம் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு சிறிய மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ நான்கு பொருள்களைத்தான் வைக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த மேசையில் 'அவர் ஏன் கைப்பேசியைப் பார்க்கிறார்?', 'நான் தவறாக எழுதிவிட்டேனோ?', 'இதுவும் போனால் அம்மாவிடம் என்ன சொல்வது?' என்ற மூன்று கவலைகள் ஏறி உட்கார்ந்துவிட்டால், நிரலுக்கு எங்கே இடம்? சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அந்த நேரத்தில் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும், உள்ளங்கை வியர்க்கும். புலியைக் கண்டால் ஓடுவதற்கு அது உதவும். வெண்பலகைக்கு முன் நிற்பவனுக்கு அதனால் பயனில்லை.

இதை அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து சோதித்தன. ஆய்வு 2020இல் வெளிவந்தது. கணினி அறிவியல் மாணவர்கள் 48 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதியினர், நேர்காணல் நடத்துபவர் பார்த்துக்கொண்டிருக்க, பேசிக்கொண்டே வெண்பலகையில் கணக்கைத் தீர்த்தார்கள். மறு பாதியினர் தனி அறையில் யாரும் பார்க்காமல் அதே வேலையைச் செய்தார்கள். பார்வையாளர் முன்னிலையில் செய்தவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே விழுந்தது. இன்னொன்றும் தெரிந்தது. பார்வையாளர் முன்னிலையில் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனி அறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினார்கள். பங்கேற்ற பெண்கள் சிலரே என்பதால் அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாதுதான். ஆனாலும் ஆய்வு சொல்வது தெளிவு. வெண்பலகைத் தேர்வு நிரல் எழுதும் திறனை மட்டும் அளக்கவில்லை. பதற்றத்தைத் தாங்கும் திறனையும் சேர்த்தே அளக்கிறது. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்துவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. வீட்டிலும் தொடக்கப்பள்ளியிலும் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், நேர்காணலில் ஆங்கிலம். தெரிந்த விடையை இன்னொரு மொழியில் தேடும்போது அந்தச் சிறிய மேசையில் மேலும் ஓரிடம் போய்விடுகிறது. இதை அறிவுக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழக்கத்தால் குறையக்கூடிய சுமை அது.

ஐந்து சுற்றுக் கணக்கு

இப்போது இரண்டாவது நேர்காணல். இங்கேதான் என் மாணவன் பேனாவைக் கையில் எடுத்தான்.

ஒருவர் அந்த வேலைக்கு முழுத் தகுதி உடையவர் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சுற்றிலும் தற்செயல் பிழை கொஞ்சம் இருக்கும். அன்று தூக்கம் சரியில்லை, தெரியாத ஒரு மூலையிலிருந்து கேள்வி வந்தது, கேட்பவருக்குத் தலைவலி. ஆகவே தகுதியானவர்கூட ஒரு சுற்றில் தேறும் வாய்ப்பு 80 விழுக்காடு என்று கொள்வோம். இது உதாரணத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்தான்.

தகுதியான 100 பேர் போகிறார்கள். முதல் சுற்றுக்குப் பின் 80 பேர். இரண்டாவதற்குப் பின் 64. மூன்றாவதற்குப் பின் 51. நான்காவதற்குப் பின் 41. ஐந்தாவது சுற்று முடியும்போது 33 பேர்தான் மிச்சம். தகுதி இல்லாதவர் ஒருவர்கூட இல்லாத கூட்டத்தில் 67 பேர் 'எனக்கு மண்டையில் ஒன்றும் இல்லை' என்று வீடு திரும்புகிறார்கள்!

"அப்ப நாலு கம்பெனியிலயும் இதே மாதிரி நடந்தா?" என்று அவனே அடுத்த கேள்வியைக் கேட்டான். ஒரு நிறுவனத்தில் தோற்கும் வாய்ப்பு 0.67. நான்கிலும் தோற்கும் வாய்ப்பு 0.67ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைக்கும். விடை 0.20. அதாவது, தகுதியானவர்களிலேயே ஐந்தில் ஒருவர் நான்கு இடங்களிலும் தோற்பார். எட்டு நிறுவனங்களுக்குப் போனால்? எட்டிலும் தோற்பவர்கள் நூற்றுக்கு 4 பேர்தான். உண்மையில் ஒவ்வொரு நேர்காணலும் மற்றதோடு தொடர்பே இல்லாதது என்று சொல்ல முடியாது. ஒரே பலவீனம் எல்லா இடத்திலும் காலை வாரலாம். ஆகவே இந்தக் கணக்கு அவன் தகுதியானவன் என்று நிரூபிக்கவில்லை. நான்கு தோல்விகளை வைத்து அவன் தகுதியற்றவன் என்று முடிவுகட்ட முடியாது என்பதைத்தான் நிரூபிக்கிறது. அந்த வேறுபாடு முக்கியம்.

நிறுவனங்கள் ஏன் இத்தனை சுற்று வைக்கின்றன? கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தோமே, அதில் இரண்டு வகைத் தவறுகள் உண்டு. நோய் இல்லாதவருக்கு 'உண்டு' என்று காட்டுவது ஒன்று. நோய் உள்ளவருக்கு 'இல்லை' என்று காட்டுவது மற்றொன்று. ஆளெடுப்பதிலும் இப்படித்தான். தகுதியற்றவரை எடுத்துவிட்டால் நிறுவனத்துக்குச் செலவு, தலைவலி. தகுதியானவரை விட்டுவிட்டால் அந்த இழப்பு நிறுவனத்தின் கண்ணுக்கே தெரியாது. எனவே சல்லடையின் கண்ணை மேலும் மேலும் சிறிதாக்குகிறார்கள். கல்லோடு அரிசியும் வெளியே போகிறது.

இப்படிப் போன அரிசிகளில் இரண்டு உலகப் புகழ் பெற்றவை. மேக் கணினிகளில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்புரூ என்ற கருவியை உருவாக்கியவர் மேக்ஸ் ஹவல். 2015இல் கூகுள் அவரை நிராகரித்தது. கூகுளின் பொறியாளர்கள் பெரும்பாலோர் தம் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் வெண்பலகையில் ஒரு மரத்தைத் தலைகீழாக்கத் தெரியாததால் தம்மை அனுப்பிவிட்டார்கள் என்று அவர் டுவிட்டரில் பொருமினார். இங்கே மரம் என்பது ரப்பர் மரமன்று. தரவுகளைக் கிளை கிளையாக அடுக்கும் ஒரு முறை. பின்னர் தமக்குக் கணினி அறிவியல் கோட்பாடுகள் அவ்வளவாகத் தெரியாது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மற்றொருவர் பிரையன் ஆக்டன். 2009இல் டுவிட்டரும் ஃபேஸ்புக்கும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. அவர் நண்பர் ஜான் கூமுடன் சேர்ந்து வளர்த்த வாட்ஸ்அப்பை 2014இல் அதே ஃபேஸ்புக் வாங்க முன்வந்தது. அறிவித்த விலை 1,900 கோடி அமெரிக்க டாலர்.

இதைப் படித்துவிட்டு, 'தோற்றவர் எல்லாம் கோடீசுவரர் ஆவார்' என்று நினைத்துவிடாதீர்கள். நிராகரிக்கப்பட்டு, பிறகு பெயர் தெரியாமலே போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கதை நம் காதுக்கு வருவதில்லை. அளவுகோல் தவறலாம் என்பதற்கு மட்டுமே இவை சான்று.

சாய்ந்து நிற்கும் கருவி

நான்காவது நேர்காணலில் கேட்டது இயந்திரம். இயந்திரத்துக்குத் தலைவலி வராது, முகம் பார்த்துப் பேசாது, ஆகவே அது நடுநிலையானது என்று தோன்றும். அங்கேதான் முறைசார் பிழை ஒளிந்திருக்கலாம்.

அமேசான் நிறுவனம் 2014 முதல் விண்ணப்பங்களுக்குத் தானாகவே மதிப்பெண் போடும் மென்பொருள் ஒன்றை உருவாக்கிப் பார்த்தது. அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் கொடுத்து அதைப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு? 'மகளிர் சதுரங்கக் கழகத் தலைவி' என்பதுபோல 'மகளிர்' என்ற சொல் இருந்தாலே அந்த மென்பொருள் மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டார்கள். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018இல் இதை வெளியிட்டது.

பூச்சியத்தில் நிற்காத எடைத்தராசு எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே பக்கம்தான் தவறும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் தற்செயல் பிழை குறையும். முறைசார் பிழை குறையாது. கருவியையே திருத்த வேண்டும். என் மாணவன் சந்தித்த மென்பொருளில் அப்படிக் கோளாறு இருந்ததா என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் 'கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்றும் சொல்ல முடியாது.

பாட்டிக்கு வைத்த தேர்வு

சரி, நல்ல கருவி எப்படி இருக்கும்? எனக்கு என் பாட்டி நினைவுக்கு வந்தார்.

1877இல் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்த சில ரப்பர் கன்றுகளிலிருந்து நம் பேராக்கில் ரப்பரின் கதை தொடங்கியது. அந்தக் கதையின் பின்பகுதியில் என் பாட்டி வருகிறார். மணமாகிப் புதுத் தோட்டத்துக்கு வந்தபோது, பால்மரம் வெட்டும் வேலை கேட்டுப் போனாராம். மண்டோர், 'உன் பலம் என்ன, பலவீனம் என்ன?' என்று கேட்கவில்லை. கையில் உளியைக் கொடுத்து, ஒரு கிழட்டு நிரையைக் காட்டி, "பத்து மரம் வெட்டிக் காட்டு" என்றார்.

அது எளிய வேலையன்று. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைத்தான் சீவ வேண்டும். குறைவாகச் சீவினால் பால் சரியாக வடியாது. ஆழமாகப் போனால் வளர்படை காயப்பட்டு, புதுப்பட்டை கரடுமுரடாக முடிச்சுப் போட்டுவிடும். கோடு சரிவாக இறங்கி மங்கில் முடிய வேண்டும். மண்டோர் பேச்சைக் கேட்கவில்லை. பட்டையைத் தடவிப் பார்த்தார். மறுநாள் பெரட்டில் பாட்டியின் பெயர் இருந்தது.

பெண்ணா ஆணா, படித்தவரா இல்லையா, வாய்ப்பேச்சு எப்படி என்பதெல்லாம் அந்தத் தேர்வுக்குள் அதிகம் நுழையவில்லை. வேலையே தேர்வாக இருந்தது. தோட்ட வாழ்க்கையில் நியாயமானவை அதிகம் இல்லை. கூலியும் லயமும் எப்படி இருந்தன என்று பாட்டி நிறையச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பத்து மர நேர்காணல் நியாயமாகவே இருந்தது.

இன்று மென்பொருள் துறையிலும் சிலர் இந்தப் பாதைக்குத் திரும்புகிறார்கள். ஸ்ரீதர் வேம்பு மற்றவர்களோடு சேர்ந்து நிறுவிய ஸோஹோ நிறுவனம், தமிழ்நாட்டில் தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பல்கலைக்கழகப் பட்டம் கேட்காமல், பள்ளி முடித்த, டிப்ளோமா முடித்த இளைஞர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவித்து, வேலையில் அமர்த்துகிறார்கள். சென்னையில் மட்டுமல்லாமல் தென்காசியிலும் இந்தப் பள்ளி உண்டு.

நம் நாட்டில், சன்வேயில் '42 கோலாலம்பூர்' என்ற நிரலாக்கப் பள்ளி இயங்குகிறது. 2013இல் பாரிஸில் தொடங்கிய '42' பள்ளிகளின் கிளை அது. கட்டணம் இல்லை, பட்டம் தேவையில்லை. சேர விரும்புவோர் ஏறத்தாழ நான்கு வாரங்கள் அங்கேயே மற்றவர்களோடு சேர்ந்து நிரல் எழுதிக் காட்ட வேண்டும். அந்தத் தேர்வுக் காலத்துக்குப் பிரெஞ்சு மொழியில் 'நீச்சல் குளம்' என்று பெயர். ஒரு மணி நேரப் பேச்சைவிட நான்கு வார வேலை அதிகமாகச் சொல்லும் என்பதுதான் அதன் பின்னுள்ள எண்ணம்.

நாம் என்ன செய்யலாம்?

கருவியைத் திருத்துவது நிறுவனங்களின் கையில். நம் கையிலும் சில உண்டு.

முதலாவது, பேசிக்கொண்டே கணக்குப் போடப் பழகுங்கள். தம்பியையோ தங்கையையோ எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு படியையும் வாய்விட்டு விளக்குங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். பார்வையாளர் இருப்பது பழகிப்போனால் மேசையில் இடம் மிஞ்சும்.

இரண்டாவது, தேர்வுக்கு முன் 10 நிமிடம் உங்கள் கவலைகளைத் தாளில் எழுதுங்கள். 2011இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஜெரார்டோ ராமிரெஸும் சியான் பைலாக்கும் வெளியிட்ட ஆய்வில், அதிகம் பதற்றப்படும் மாணவர்களுக்கு இது பலன் தந்தது. தாளில் இறங்கிய கவலை மூளையின் மேசையை அடைக்காது.

மூன்றாவது, செய்து காட்ட ஏதாவது வைத்திருங்கள். பள்ளிப் புறப்பாட நடவடிக்கை வருகையைப் பதிவுசெய்யும் ஒரு சிறிய செயலி, அம்மாவின் பலகாரக் கடைக்குக் கணக்கு எழுதும் ஒரு நிரல் என எதுவாகவும் இருக்கலாம். பாட்டியின் பத்து மரங்கள் அவைதாம்.

நான்காவது, ஒவ்வொரு நேர்காணலையும் ஆய்வுக்கூட அறிக்கைபோல எழுதி வையுங்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன், எங்கே தடுமாறினேன்? பிழை கருவியுடையதா, என்னுடையதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதுவதுதான் கடினம். எல்லாத் தோல்வியையும் கருவியின் மேல் போடுவதும் அறிவியலன்று.

அந்தத் தாளை என் மாணவன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். சில வாரங்களுக்குப் பிறகு ஓர் இரவு அவனிடமிருந்து அழைப்பு வந்தது. ஐந்தாவது நேர்காணலும் முடிந்திருந்தது. அதுவும் கிடைக்கவில்லை.

"ஆனா இந்த முறை கருவியில பிழை இல்ல டீச்சர்" என்றான். "டேட்டாபேஸ்ல மூணு கேள்வி கேட்டாங்க. நல்ல கேள்விங்க. எனக்குத்தான் உண்மையிலேயே தெரியல. ஏன் எடுக்கலைன்னும் சொன்னாங்க. இப்ப அதைத்தான் உட்கார்ந்து படிச்சுக்கிட்டிருக்கேன். அடுத்த மாசம் பினாங்குல ஒன்னு இருக்கு."

அவன் குரலில் பழைய ஆய்வுக்கூடப் பையன் இருந்தான்.

செய்து பாருங்கள்: ஐந்து சுற்று விளையாட்டு

தேவையானவை: ஒரு மங்கு அல்லது குவளை, ஐந்து துண்டுத் தாள்கள்.

1. நான்கு தாள்களில் 'தேர்ச்சி' என்றும் ஒன்றில் 'தோல்வி' என்றும் எழுதி மடித்துக் குவளையில் போடுங்கள்.

2. வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு தாள் எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். 'தோல்வி' வந்தவர் உட்கார்ந்துவிட வேண்டும்.

3. நிற்பவர்கள் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகட்டும். ஐந்து சுற்று முடிந்ததும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

30 பேர் வகுப்பில் ஏறக்குறைய 10 பேர் நிற்கக்கூடும். மறுபடி விளையாடுங்கள். நிற்பவர்கள் அதே ஆள்களா? உட்கார்ந்தவர்களில் யாராவது மூளை இல்லாதவரா? விடையை உங்கள் அறிவியல் குறிப்பேட்டில் எழுதுங்கள்.